டிங்கரின் இருபத்தைந்தாவது சாட்சி

மற்ற சபைகளில் போதகரின் கல்யாண நாள் வந்தால் பாட்டுப் பாடுவார்கள், கேக் வெட்டுவார்கள், போட்டோவுக்கு நின்றுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இந்தச் சபையில் கேக் அவ்வளவு சுலபமாக வாய்க்கு வராது. அதற்கு முன்னால் ஒருவன் மேடையேறி, கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தான் எப்படிப் போட்டு மிதித்தேன் என்று விலாவாரியாகச் சாட்சி சொல்ல வேண்டும். ஜனம் கைதட்ட வேண்டும். மிதிபட்ட மாப்பிள்ளை எழுந்து வந்து, மிதித்தவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கத்தி கேக்கில் இறங்கும்.

மாப்பிள்ளைதான் போதகர். மிதித்தவன் டிங்கர்.

டிங்கருக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பட்டறை வைத்திருக்கிறான். மோதி நசுங்கி வரும் கார்களைத் தட்டிச் சரிசெய்வது தொழில். கதவுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டுவான். நடுக்குழியில் எடுத்த எடுப்பில் அடிக்க மாட்டான். அடித்தால் தகரம் கிழிந்துவிடும். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டு வந்து, கடைசியில்தான் நடுவுக்கு வருவான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து அவன் காதும் பாதி மந்தமாகிவிட்டது. அதனால் அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. பெண்டாட்டியிடம் ரகசியம் சொன்னால் அடுத்த வீட்டில் பதில் வரும்.

தகரத்தைத் தட்டுவதற்கு முன்னால் அவன் மனிதர்களைத் தட்டிக்கொண்டிருந்தான். அதுவும் தொழில்தான், கூலிக்கு அடிப்பது. அப்பன் அடித்து வளர்த்த பிள்ளை. பதினாறு வயதில் அப்பனையே ஒருநாள் சுவரோடு வைத்து முகத்தில் இடித்துவிட்டு வீட்டை விட்டு வந்தான். அதன்பின் லாரி ஷெட்டில் படுக்கை. யாருக்கு யார் மேல் கடுப்பு இருந்தாலும் இவனைத் தேடி வருவார்கள். கம்பி, கத்தி எதுவும் தொடமாட்டான். வெறும் கைதான், அதில் அவனுக்கு ஒரு கர்வம். ஒரு டிரைவரின் முழங்காலை உடைத்தாயாமே என்று யாராவது கேட்டால், எந்த டிரைவர் என்று கேட்கமாட்டான், எந்தக் கால் என்று கேட்பான். அவ்வளவு ஆட்கள், அவ்வளவு கால்கள். அவன் நல்லவனாகப் பிறந்து சந்தர்ப்பத்தால் கெட்டவன் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அடிப்பது அவனுக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

இருபத்தெட்டாவது வயதில் அந்தக் கல்யாண வேலை வந்தது. பெண்ணின் அண்ணன் வந்து சொன்னான். தங்கச்சி ஒரு ஒன்றுமில்லாத பிரசங்கியாரைக் கட்டப் போகிறாள், டயர் கடைக்கு மாடியில் ஒரு அறையை எடுத்து அதைச் சபை என்கிறான், அவன் மூஞ்சி கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருக்கக்கூடாது. இவ்வளவுதான் உத்தரவு.

இங்கிருந்துதான் சாட்சி ஆரம்பமாகும். வருஷாவருஷம் சொல்லிச் சொல்லி அது ஒரு நாடகம் மாதிரி மெருகேறிவிட்டது. மாடிப்படியில் தான் ஏறி வந்த தோரணையை டிங்கர் நடந்து காட்டுவான். மோதிரம் போடப்போன மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "டமார்" என்பார்கள். அது முதல் குத்து. இரண்டாவது "டமார்" புருவத்தில். மூன்றாவதற்குப் போதகரே எழுந்து, வாயிலிருந்து கட்டுப்பல் இரண்டையும் கழற்றி உயர்த்திக் காட்டுவார். சபை சிரித்து உருளும். இருபது விருந்தாளிகளும் படியிறங்கி ஓடியதைச் சொல்வான். கீழே விழுந்த மாப்பிள்ளையை விலாவில் மிதிக்கும்போது, பின்னாலிருந்து கல்யாணப் பெண் இடுப்பு உயரப் பித்தளை மெழுகுவத்தி ஸ்டாண்டைத் தூக்கி அவன் மண்டையில் ஒன்று போட்டதைச் சொல்வான். பிள்ளைகள் "தொப்" என்பார்கள். டிங்கர் அப்படியே மேடையில் மல்லாந்து விழுவான். வயசான காலத்திலும் விழுவான், இடுப்பு பிடித்துக்கொண்டாலும் விழுவான்.

கடைசிக் கட்டம்தான் முக்கியம். மாப்பிள்ளை கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெண்ணின் கையிலிருந்த அதே ஸ்டாண்டைப் பிடுங்கி, கீழே கிடக்கும் டிங்கரின் தலைக்கு நேராக ஓங்கினார். ஓங்கியவர், அடிக்காமல் கீழே வைத்துவிட்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவனை ஒருநாள் விடாமல் போய்ப் பார்த்தார். டிங்கர் வெளியே வந்ததும் நேராக அந்த மாடிக்குப் போனான், சபையில் சேர்ந்த முதல் ஆத்துமாவாக. முதல் வேலையாக, தன் மண்டையில் பட்டு நசுங்கிய ஸ்டாண்டைத் தட்டி நேராக்கிக் கொடுத்தான். அது இன்றைக்கும் மேடையில் நிற்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லேசாக ஒரு குழி தெரியும்.

போதகரின் பிரசங்கம் எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த ஸ்டாண்டுக்குத்தான் வரும். ஓங்கின கையைக் கீழே போடு என்பார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் அதுதான், பங்காளிச் சண்டைக்கும் அதுதான். அந்த ஒரு காரியத்தின் மேல்தான் முந்நூறு பேர் உட்காரும் சபை நிற்கிறது என்றால் மிகையில்லை.

ஆனால் நடந்தது அப்படி இல்லை.

முதல் அடியில் டிங்கர் விழவில்லை. மண்டை கிர்ரென்றது, திரும்பினான். யாரென்று தெரியாமல் அடித்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, நன்றாகப் பார்த்தான். வெள்ளை உடுப்பில், ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் உதடு துடிக்க நின்றாள் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். முழுக் கையையும் பின்னுக்கு வாங்கி, விரித்த உள்ளங்கையால் அவள் இடது காதில் அறைந்தான். அவன் அதுவரை அடித்த அடிகளிலேயே அதுதான் சரியாக விழுந்த அடி. அவள் பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு போய் விழுந்தாள். காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. பிறகு அவள் எழுந்து வந்தாள். எழுந்து, ஸ்டாண்டை மறுபடி எடுத்து, இரண்டாவது முறை போட்டாள். அதில்தான் அவன் விழுந்தான்.

விருந்தாளிகள் அதற்குள் தெருவில் நின்றார்கள். மாப்பிள்ளைக்குக் கண்ணெல்லாம் ரத்தம். அவர் ஸ்டாண்டைப் பிடுங்கி ஓங்கியபோது ஒன்று கேட்டார். சாட்சியில் வராத கேள்வி அது. "உம்மேல கை வச்சானா?" என்று கேட்டார். அந்தக் குரலில் போதகர் யாரும் இல்லை, கொல்லப்போகும் ஒரு ஆள்தான் இருந்தான். தரையில் கிடந்த டிங்கர் அந்த மாதிரிக் குரல்களை அறிந்தவன். பெண் முக்காட்டை இழுத்துக் காதின் மேல் போட்டுக்கொண்டாள். இல்லை என்றாள். துணியில் ரத்தமிருக்கிறதே என்றதற்கு, உங்க ரத்தம்தான் என்றாள். அதற்கப்புறம்தான் ஸ்டாண்டு கீழே இறங்கியது.

அந்தக் காது அதோடு போயிற்று. சீழ் பிடித்தது, சின்ன வயசிலிருந்தே பலவீனம் என்று, பிற்பாடு சபைக்குப் பாஸ்டரம்மாவாகிவிட்ட அந்தப் பெண்ணே போதகரிடம் ஏதேதோ சொல்லிச் சமாளித்துவிட்டார். உண்மை தெரிந்தது இரண்டே பேருக்கு. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. டிங்கர் வருஷாவருஷம் மேடையேறி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிவிட்டு, நடுக்குழியைத் தொடாமல் இறங்கிவிடுவான். பாஸ்டரம்மா கீழே உட்கார்ந்து கேட்பார். சாதாரண நாளில் போதகருக்கு இடப்பக்கம் உட்காருகிறவர், அன்றைக்கு மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நல்ல காது மேடையைப் பார்க்கிற மாதிரி உட்காருவார். அவருக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது என்று டிங்கர் நினைத்துக்கொள்வான்.

இருபத்தைந்தாவது வருஷம் நெருங்கியபோது போதகர் பட்டறைக்கு வந்தார். பாஸ்டரம்மாவுக்கு வலது காதும் அடைத்துக்கொண்டு வருகிறதாம். காது மிஷின் வைத்துப் பார்த்தார்களாம், கூட்டத்தில் விசில் அடிக்கிறதென்று அவர் கழற்றிப் போட்டுவிட்டாராம். இப்போதே காதோடு வாய் வைத்துச் சொன்னால்தான் கேட்கிறது, இன்னும் ஆறு மாதத்தில் அதுவும் இருக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

"உன் சாட்சிய அவ கேக்கறது இதுதான் கடைசி, டிங்கரு. ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தான். அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. மன்னிப்பென்று ஒன்று கேட்பதானால் அது அந்தக் காதில் விழ வேண்டும். அடுத்த வருஷம் விழாது. இருபத்தைந்து வருஷம் நேரமிருந்தது, நாய் மாதிரி வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தான், இப்போது ஆறு மாதம்.

பெண்டாட்டியிடம் முதல்முறையாகச் சொன்னான். அந்த மனுஷன் உன்னைக் கொன்னுடுவாரு என்றாள். அப்படியே விட்டாலும் சபையில் நமக்கு இடமிருக்காது, அந்தச் சபையை விட்டால் நமக்கென்று யார் இருக்கிறார்கள் என்றாள்.

போதகர் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு மத்தியானம் வீட்டுக்குப் போனான். பாஸ்டரம்மா அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டிங்கர் சொன்னான். என்ன என்றார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். என்னப்பா என்றார். அடித் தொண்டையிலிருந்து, "அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, என்னாச்சு என்று ஒரு தலை எட்டிப் பார்த்தது. டிங்கர் தண்ணீர் வேண்டும் என்றான். சைகையில் கேட்டான். எழுதிக் கொடுக்கலாமென்றால் அவனுக்கு எழுத்து வராது. பாஸ்டரம்மா தண்ணீரைக் கொடுத்துவிட்டு, போகாமல், வலது காதை அவன் பக்கம் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றார். டிங்கர் தம்ளரைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொண்டாட்டம். முந்நூறு நாற்காலியும் நிறைந்து, ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். இருபத்தைந்து மெழுகுவத்தி குத்திய மூன்றடுக்குக் கேக். போதகர் புதுக் கோட்டு, பாஸ்டரம்மா வெள்ளை உடுப்பு. அவர் வழக்கப்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஆனால் அதனால் இந்த முறை பிரயோஜனமில்லை. போதகர் தன் நாற்காலியை அவருடைய வலப்பக்கம் நெருக்கிப் போட்டு, காதில் வாயை வைத்துக்கொண்டார். டிங்கர் சொல்வதை ஒவ்வொரு வரியாக அவர் காதுக்குள் சொல்லப்போகிறார். டிங்கர் மேடையிலிருந்து இதைப் பார்த்தான். தான் சொல்லவேண்டியது அந்த மனிதரின் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

படியேறினான். காலரைப் பிடித்தான். டமார். புருவம். டமார். போதகர் பல்லைக் கழற்றிக் காட்டினார், சிரித்தார்கள், பல்லை மாட்டிக்கொண்டு மறுபடி காதுக்குக் குனிந்தார். விருந்தாளிகள் ஓடினார்கள். விலாவில் மிதித்தான். பெண் ஸ்டாண்டை எடுத்தாள், ஓங்கினாள், போட்டாள்.

"தொப்" என்றார்கள் பிள்ளைகள்.

டிங்கர் விழவில்லை.

மறந்துவிட்டானோ என்று பிள்ளைகள் இன்னொரு முறை "தொப்" என்றார்கள். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். டிங்கர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு நான் விழல" என்றான்.

விழலையாம், என்று போதகர் சிரித்தபடியே காதில் சொன்னார்.

"திரும்பினேன். பாஸ்டரம்மாதான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் அடிச்சேன். இடது காதுல. என் கையால போன காது அது. அம்மா, நான் மன்னிப்புக் கேக்கணும்."

போதகரின் வாய் காதருகே திறந்தபடி நின்றது. பாஸ்டரம்மா அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

போதகர் எழுந்தார். அறுபதை நெருங்கும் மனிதர் மேடையின் மூன்று படியையும் ஒரே எட்டில் ஏறினார். கட்டிப்பிடிக்கத்தான் போகிறார் என்று பின்வரிசையில் யாரோ கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள். முதல் குத்து டிங்கரின் வாயில் விழுந்தது. மைக்கில் விழுந்த சத்தத்தில் ஸ்பீக்கர் அலறியது. இந்த முறை யாரும் டமார் என்று சொல்லவில்லை. இரண்டாவது குத்தில் மூக்கு ஒடிந்தது. மூன்றாவதில் டிங்கர் கேக் மேஜை மேல் சரிந்து, கேக்கோடு சேர்ந்து கீழே விழுந்தான். இருபத்தைந்து வருஷம் கீழே போடு, கீழே போடு என்று பிரசங்கித்த கை, அவன் விலாவில், வயிற்றில், வாயில் மாறி மாறி இறங்கியது. போதகரின் விரல் முட்டி கிழிந்து புதுக் கோட்டெல்லாம் ரத்தம். பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். டிங்கரின் பெண்டாட்டி ஓடி வந்து போதகரின் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாள், உதறியதில் மேடைக்குக் கீழே போய் விழுந்தாள். டிங்கர் கையைத் தூக்கவில்லை. முகத்தைக்கூட மறைக்கவில்லை. இரண்டு பல்லை நாக்கால் தள்ளித் துப்பினான்.

போதகர் ஸ்டாண்டை எடுத்தார். அதே ஸ்டாண்டு. இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினார். நான்கைந்து ஆண்கள் மேடைப் படிவரை வந்தார்கள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

பாஸ்டரம்மா மட்டும் ஏறி வந்தார். அவசரப்படவில்லை. போதகர் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். மூச்சு இரைக்க, பழைய கேள்வியைக் கேட்டார்.

"உம்மேல கை வச்சானா?"

காதில் விழுந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தக் கேள்வி எந்த உதட்டசைவில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆமா" என்றார். "அன்னைக்கு இல்லைன்னு சொன்னேன். சொல்லலைன்னா அவன் செத்திருப்பான், நீங்க ஜெயிலுக்குப் போயிருப்பீங்க. இப்ப உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. இப்ப கீழ போடுங்க, பாக்கலாம்."

காது கேளாதவர்கள் பேசுவதுபோலக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். கடைசி வரிசைவரை கேட்டது.

போதகர் ஓங்கியபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. ஸ்டாண்டின் நுனி ஆடியது. மன்னிப்பு என்பதை அன்றைக்குத்தான் அந்த மனிதர் முதல்முறையாகச் செய்து பார்த்தார் என்பது என் அபிப்பிராயம். அதுவரை பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அது வலித்தது என்பது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் ஸ்டாண்டைப் பக்கவாட்டில் விட்டெறிந்தார். அது சுவரில் மோதி, மேடைப் பலகையில் விழுந்து உருண்டது. அவர் அப்படியே கேக்குக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, பெரிய சத்தத்தோடு அழுதார்.

பாஸ்டரம்மா டிங்கரின் பக்கத்தில் மண்டியிட்டார். முக்காட்டை ஒதுக்கிவிட்டு, வலது காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"நீயே சொல்லு" என்றார். "வருஷா வருஷம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். இந்த வருஷம் சொல்லுவான், இந்த வருஷம் சொல்லுவான்னு."

டிங்கருக்கு உதடு கிழிந்து வாய் நிறைய ரத்தம். மெதுவாகப் பேச வராத அவன் தொண்டை அன்றைக்குத்தான் மெதுவாகப் பேசியது, அதற்குமேல் அதில் தெம்பில்லை. ஆனால் காதுக்கும் வாய்க்கும் நடுவில் இடைவெளியே இல்லாததால் அது போதுமானதாக இருந்தது. நான்தான் அடிச்சேன் என்றான். தெரிஞ்சுதான் அடிச்சேன் என்றான். மன்னிச்சிடுங்கம்மா என்றான். வெள்ளை உடுப்பின் தோளில் அவன் வாய் ரத்தம் சொட்டியது.

"கேட்டுச்சு" என்றார் பாஸ்டரம்மா.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. டிங்கர் கேட்கவுமில்லை. தன் முக்காட்டின் நுனியால் அவன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து, இன்னும் தரையில் அழுதுகொண்டிருந்த புருஷனிடம் போனார். அவருடைய கிழிந்த விரல் முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த வருஷத்திலேருந்து இந்தச் சாட்சிய நீங்க சொல்லணும்" என்றார். "இன்னைக்கு அடிச்சதையும் சேத்து, ஒண்ணு விடாம. எனக்குக் கேக்காது. மத்தவங்க கேக்கட்டும்."